நான்கில் இரண்டு எடுக்க வேண்டும்: பாதுகாப்பு, மின்வணிகம், தொழில்நுட்பம், ஒப்பந்தம். எதை எடுப்பது?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். சர்வர் பராமரிப்பில் எனக்கு ஒன்பது வருடம். அதில் பாதிக்கு மேல் இரவு ஷிப்ட், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். போன வருடம் துணிந்து ஆன்லைன் எம்பிஏ-வில் சேர்ந்தேன். கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங் என்று எல்லோரும் படித்தே ஆக வேண்டிய பாடங்களை ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். (மார்க்கெட்டிங்கில் தாண்டியது என்னோடு குழுவில் இருந்தவர்கள் செய்த புண்ணியம்.) இப்போது விருப்பப்பாடம். நான்கு கொடுத்திருக்கிறார்கள், இரண்டு எடுக்க வேண்டும்: தொழில்நுட்ப மேலாண்மை, தகவல் பாதுகாப்பு மேலாண்மை, மின்வணிகம், ஒப்பந்த மேலாண்மை. வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும்.

நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. பாதுகாப்பு கண்டிப்பாக வேண்டும், கூடவே சிஐஎஸ்எஸ்பி என்ற பாதுகாப்புச் சான்றிதழையும் முடித்துவிடலாம். இரண்டாவதாகத் தொழில்நுட்பம். தெரிந்த விஷயம், மார்க் வரும். மின்வணிகம் ஆசையாக இருக்கிறது, ஆனால் நான் எதையும் விற்பவன் இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது வக்கீல் வேலை என்றுதான் தோன்றுகிறது. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தேன், மூன்றாம் வாரத்துக்கு வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் வெளி நிறுவனத்தார் வந்து பேசும் கூட்டங்களுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எல்லாம் பேசி முடித்தபிறகு "டெக்னிக்கலா ஓகேதானே?" என்று ஒரு கேள்வி என் பக்கம் வரும். ஓகே என்பேன். அவ்வளவுதான் என் பங்கு. அந்த நாற்காலியைக் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படிப்பே. படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பூட்டுசாவி பதில்:

பாதுகாப்புப் பாடம் நான் எடுத்தேன், இப்போது அதே துறையில்தான் இருக்கிறேன். முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்பிஏ-வில் நடத்தும் பாதுகாப்புப் பாடத்தில் ஹேக்கிங் இருக்காது. ஃபயர்வால் என்ற சொல் முழுப் பருவத்திலும் நாலைந்து முறை வந்திருந்தால் அதிகம்.

எங்களுக்கு முதல் வகுப்பே ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு சம்பவம் நடந்தால் நட்டம் 200 என்று வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படியானால் வருடத்துக்கு எதிர்பார்க்கும் நட்டம் 40. அதைத் தடுக்க வருடம் 50 செலவாகும் கருவியை வாங்கலாமா? வகுப்பிலிருந்த டெக்னிக்கல் ஆட்கள் எல்லோரும் "வாங்க வேண்டும்" என்று கை தூக்கினோம், நானும்தான். நிதித் துறையிலிருந்து வந்த ஒரு பெண் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் கார்டன்–லோப் மாடல். லாரன்ஸ் கார்டனும் மார்ட்டின் லோபும் 2002-இல் போட்ட கணக்கு. அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்களுக்குள், எதிர்பார்க்கும் நட்டத்தில் சுமார் 37 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவழிப்பது கட்டுப்படியாகாது. அந்த 40-க்கு 15 கூட வராது. இந்த 37 ஒன்றும் வேதவாக்கு இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பதே நாம் குத்துமதிப்பாக வைத்ததுதானே. ஆனால் பட்ஜெட் கேட்டுப் போகும்போது "ஆபத்து, ஆபத்து" என்று கத்தாமல் ஒரு எண்ணோடு போய் உட்காருவதற்கு இந்தப் பாடம்தான் என்னைப் பழக்கியது.

சிஐஎஸ்எஸ்பி-யை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தனித் தேர்வு. மொத்தம் எட்டுப் பிரிவுகள், அவற்றில் குறைந்தது இரண்டில் சேர்த்து ஐந்து வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஏற்ற பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். உங்கள் ஒன்பது வருடத்தில் பயனர் அனுமதி, பேட்ச், லாக் கண்காணிப்பு இதெல்லாம் செய்திருந்தால் அனுபவத்துக்குக் கவலை இல்லை. ஆனால் எம்பிஏ பாடம் அந்தத் தேர்வுக்கான டியூஷன் ஆகாது. ஐசாக்கா என்ற அமைப்பு பாதுகாப்பு மேலாளர்களுக்கு நடத்தும் சிஐஎஸ்எம் தேர்வு வேண்டுமானால் இந்தப் பாடத்துக்கு நெருங்கிய சொந்தம்.

பதிவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பாடத்திட்டத்தில் அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பு இருந்தால் அது 2024 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பா என்று பாருங்கள். பழையதில் ஐந்து செயல்பாடுகள்தான். புதியதில் ஆறாவதாக ஆளுகை சேர்ந்திருக்கிறது, நிர்வாகப் படிப்புக்கு அதுதானே உயிர். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 27001-உம் 2022 பதிப்பாக இருக்க வேண்டும். பழைய 114 கட்டுப்பாடுகள் அதில் 93 ஆகிவிட்டன. இன்னும் 114 என்று ஸ்லைடு ஓடுகிறது என்றால் பத்து வருடப் பழைய பாடத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

என் ஓட்டு பாதுகாப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும்.

கோப்புக்காரி பதில்:

பூட்டுசாவி எழுதியதில் கடைசி வரியைத் தவிர மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.

நானும் சர்வர் அறையிலிருந்து வந்தவள்தான். ஒப்பந்தப் பாடத்தை நான் விரும்பி எடுக்கவில்லை. பாதுகாப்பு வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது, மிச்சம் இருந்தது இது. "வேண்டா வெறுப்பாக" என்பார்களே, அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது: ஐடி சேவைக்காக வெளி நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தங்களை எழுதும்போது கூட இருப்பது, போட்டபிறகு அவற்றைக் கட்டி மேய்ப்பது.

இரண்டாவது வகுப்பில் ஆசிரியர் 38 பக்க சேவை ஒப்பந்தம் ஒன்றைத் தந்தார். உண்மையான ஒப்பந்தம், பெயர்களை மட்டும் கறுப்பு மையால் அழித்திருந்தார். "இதில் 99.9 சதவீத நேரம் சேவை இருக்கும் என்று எழுதியிருக்கிறது. மாதத்துக்கு அதிகபட்சம் எத்தனை நிமிடம் படுக்கலாம்?" என்று கேட்டார். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 43 நிமிடம். நான் முந்திக்கொண்டு சொன்னேன். இதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே. அவர், "நல்லது. பக்கம் 31-க்குப் போங்கள்" என்றார்.

பக்கம் 31-இல் அளவெடுக்கும் காலம் மாதம் இல்லை, காலாண்டு. 90 நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 130 நிமிடம். அதாவது ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஒரேயடியாகப் படுத்தாலும் அவர்கள் வாக்குத் தவறியதாக ஆகாது. அடுத்த வரி, திட்டமிட்ட பராமரிப்பு நேரம் கணக்கில் சேராது. சரி, திட்டமிட்டது என்றால் என்ன? எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வரை நிறுத்தலாம்? 38 பக்கத்தையும் புரட்டினோம், எங்கேயும் இல்லை. காலையில் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு மத்தியானம் நிறுத்தினாலும் அது திட்டமிட்டதுதான். பக்கம் 33-இல், சேவை குறைந்தால் அந்தக் காலாண்டுக் கட்டணத்தில் 5 சதவீதம் கழிவு. ஆனால் வாடிக்கையாளர் அதை 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போச்சு. அதற்கும் கீழே ஒரே ஒரு வாக்கியம்: இந்தக் கழிவைத் தவிர வாடிக்கையாளருக்கு வேறு எந்த நிவாரணமும் கிடையாது.

இந்த நாலையும் பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, "இப்போது சொல்லுங்கள், 99.9 என்றால் எவ்வளவு?" என்று என்னைத்தான் பார்த்தார்.

இரவுப்பணி, அந்தக் கேள்விக்கு வக்கீலால் மட்டும் பதில் சொல்ல முடியாது. "வேறு நிவாரணம் கிடையாது" என்ற தொடரின் கனம் அவருக்குத் தெரியும். ஆனால் லாகின் பக்கம் திறக்கிறது, உள்ளே போனால் எதுவும் லோடு ஆகவில்லை என்றால் அது சேவை இருக்கிறது என்று கணக்கா, இல்லை என்று கணக்கா? அளப்பது யார், எந்த இடத்திலிருந்து? சர்வர் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் போகிறதா என்று மட்டும் பார்த்தால் பச்சை விளக்குதான் எரியும், பயனர் வயிறும் எரியும். இதெல்லாம் தெரிந்த மனிதர் அந்த அறையில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஓரமாக உட்கார்ந்து "ஓகே" சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாடத்தில் மற்றதும் உண்டு. எந்த விலை முறையில் ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று இரண்டு வாரம். பேச்சுவார்த்தைக்கு ஒரு வாரம், அது நாடகம் போட்டது மாதிரி இருந்தது, பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை. கோட்பாட்டில் எனக்கு உதவியது ஆலிவர் ஹார்ட். 2016-இல் ஹோல்ம்ஸ்ட்ராமோடு சேர்த்து ஒப்பந்தக் கோட்பாட்டுக்காகப் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான். அவர் சொல்வதை என் பாஷையில் சொன்னால், நடக்கப்போவதை எல்லாம் யாராலும் எழுதி வைக்க முடியாது. அதனால் எழுதாமல் விட்ட ஒன்று நடக்கும்போது முடிவெடுக்கும் உரிமை யார் கையில் என்று பார். இப்போது எந்த மென்பொருள் சந்தா ஒப்பந்தம் வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். சேவையின் அம்சங்களை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றலாமா? நாம் வெளியேறினால் நம் தரவை எந்த வடிவத்தில் தருவார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

பாதுகாப்பும் இதுவும் வேறு வேறு என்று நினைக்க வேண்டாம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே வந்த வழி, குளிர்பதன வேலை பார்த்த ஒரு வெளி நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த லாகின். பாதுகாப்பு வகுப்பில் இதை நெட்வொர்க்கைப் பிரித்து வைக்காத கதையாக நடத்துவார்கள், சரிதான். எங்கள் வகுப்பில் கேட்டது வேறு. குளிர்பதனம் பார்க்க வருபவரிடம் என்ன பாதுகாப்பு விதிகளை எழுதி வாங்க வேண்டும்? அவர் அதன்படி நடக்கிறாரா என்று போய்ப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா? அவரால் நட்டம் வந்தால் அவ்வளவு சின்ன நிறுவனத்திடம் எவ்வளவு வசூலாகும்? கடைசிக் கேள்விக்கு நான் "வரம்பில்லாத பொறுப்பு என்று எழுதிவிடலாம்" என்றேன். "எழுதலாம், ஆனால் அவரிடம் இருந்தால்தானே வரும்?" என்றார் ஆசிரியர். காப்பீட்டுச் சான்று ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை அது ஏதோ ஃபைலில் சொருகும் காகிதம் என்று நினைத்திருந்தேன்.

பாதுகாப்பும் ஒப்பந்தமும் எடுங்கள். தொழில்நுட்பப் பாடம் மார்க் தரும், நாற்காலியை நகர்த்தாது.

அட்டைப்பெட்டி பதில்:

மின்வணிகத்துக்குப் பரிந்து பேச ஆளே இல்லையா! கேமரா உதிரி பாகங்களை ஆன்லைனில் விற்கிறேன். கடை ஆரம்பித்து நாலு வருடம் கழித்துத்தான் படிக்கப் போனேன். பாதி பாடம் வீண், பாதி தங்கம். வீண் என்றது கருவிகளை. எங்களுக்குச் சொல்லித்தந்த விளம்பர டாஷ்போர்டு பருவம் முடிவதற்குள் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

தங்கம் என்றது ஒரு ஆர்டரின் கணக்கை. விற்ற விலை 100. சரக்கு 60, அனுப்பும் செலவு 12, பணம் வசூலிக்கும் கட்டணம் 3, அந்த வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம் 18. மிச்சம் 7. பரவாயில்லையே என்று நானும் நாலு வருடம் நினைத்திருந்தேன். இப்போது பத்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். ஒன்பதில் கிடைத்தது 63. திரும்பி வந்த ஒன்றில் சரக்கு பத்திரமாகவே வந்தாலும் போன செலவு 12, வந்த செலவு 12, கட்டணம் 3, விளம்பரம் 18, ஆக 45 காலி. பத்து ஆர்டருக்கு மிச்சம் 18-தான். பத்தில் இரண்டு திரும்பினால்? எட்டில் 56 வரும், இரண்டில் 90 போகும். விற்க விற்க நட்டம். இதை வகுப்பில் என் சொந்தக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்த அன்று இரவு லென்ஸ் மூடிகள் மூன்று வகையைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டேன். அளவு பொருந்தவில்லை என்று திரும்பி வந்துகொண்டே இருந்த சரக்கு.

இன்னொன்று, சோதனை. கூடையில் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்பது ஆன்லைன் கடைகளை ஆராயும் பேமார்டு நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பில் வரும் சராசரி. உடனே எல்லோரும் பட்டன் நிறத்தை மாற்றி இரண்டு பக்கங்களை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நானும் செய்தேன். மூன்றாம் நாள் பச்சை முந்துகிறது என்று நிறுத்திவிட்டேன். எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஜெயிக்கிற நேரம் பார்த்து நிறுத்தினால் எந்த நிறமும் ஜெயிக்கும் என்று வகுப்பில்தான் தெரிந்தது.

பாதுகாப்பு இங்கேயும் வரும். அட்டைப் பணம் வாங்குகிற எல்லோருக்கும் பிசிஐ என்ற அட்டைப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். அட்டைக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணை, பணம் ஒப்புதலான பிறகு சேமித்து வைக்கவே கூடாது. நான் அதை ஒரு எக்செல் தாளில் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இரவுப்பணி, நேர்மையாகச் சொன்னால் உங்களுக்கு இது மூன்றாவது இடம்தான். விற்க எதுவும் இல்லாமல் இந்தப் பாடத்தை எடுத்தால் கணக்கு கணக்காகவே நிற்கும்.

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கோப்புக்காரி அக்காவிடம் (அக்கா என்று கூப்பிடலாம்தானே?) இரண்டு சந்தேகம். சட்டமே படிக்காதவன் இந்தப் பாடத்தில் தேறுவானா? அப்புறம், பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டார்கள். "ஏற்கிறேன்" பட்டனை அழுத்துவதுதான் நம் வேலை. அங்கே இந்தப் படிப்பு என்ன செய்யும்?

பூட்டுசாவி அண்ணா, தொழில்நுட்ப மேலாண்மையில் எனக்குத் தெரியாதது என்ன வரும்?

பூட்டுசாவி:

தெரிந்ததுதான் வரும், ஆனால் பணத்தின் பக்கத்திலிருந்து வரும். நைட் கேப்பிட்டல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் போய்ச் சேர்ந்தது, எட்டாவதில் போடவில்லை. அங்கே வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் ஒன்று எழுந்துகொண்டது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் போனது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினியே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு டெப்ளாய்மென்ட் தவறு. வகுப்பில் கேட்பார்கள்: இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று விதி ஏன் இல்லை, பழைய நிரலை நீக்க யாருக்குப் பொறுப்பு, நீக்குவதற்கு நேரம் கேட்டிருந்தால் எந்த மேலாளர் ஒப்புக்கொண்டிருப்பார்? நல்ல பாடம்தான்.

ஆனால் கோப்புக்காரி எழுதியதைப் படித்தபிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவுக் கசிவு தெரியவந்தால் 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நமக்காகத் தரவைக் கையாளும் வெளி நிறுவனம் நமக்கு எப்போது சொல்ல வேண்டும் என்றால், "தேவையற்ற தாமதமின்றி" என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. எண் கிடையாது. எண் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் நாம்தான் எழுத வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு சேவைக்கு அந்த எண்ணை யாரும் எழுதவில்லை. கசிவு நடந்து அவர்கள் எங்களுக்குச் சொன்னது ஒன்பதாம் நாள், அதுவும் செய்திமடல் மாதிரி ஒரு மின்னஞ்சலில். அந்த ஒப்பந்தத்தைப் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து பார்த்து ஓகே சொன்னவன் நான். ஆகவே என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

கோப்புக்காரி:

அக்கா என்றே கூப்பிடுங்கள்.

சட்டம் படிக்க வேண்டாம். ஒப்பந்தம் எப்போது உருவாகிறது, மீறினால் என்ன, அவ்வளவு சட்டத்தை முதல் மாதத்திலேயே சொல்லித்தருவார்கள். வேண்டியது பொறுமை. ஒரு சொல் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று முன்னும் பின்னும் புரட்டும் பொறுமை. லாக் ஃபைலில் ராத்திரி முழுக்கத் தேடியவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் அமெரிக்காவில் 1959-இலிருந்து இருக்கும் என்சிஎம்ஏ என்ற ஒப்பந்த மேலாண்மைச் சங்கம் தேர்வுகள் நடத்துகிறது. ஆனால் முதலில் பாடம், அப்புறம் பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்கள் மாற்ற மாட்டார்கள் என்பது உண்மை. அங்கே இந்தப் படிப்பின் பயன், எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வது. அவர்கள் கழிவு தருவது மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு, நம் வியாபார நட்டத்தை இல்லை என்று தெரிந்தால், இரண்டாவது இடத்தில் பேக்கப் வைக்கப் பணம் கேட்கும்போது அந்தப் பக்கத்தையே நீட்டலாம். நான் நீட்டியிருக்கிறேன், கிடைத்தது.

மாறுகிற ஒப்பந்தங்களும் நிறைய இருக்கின்றன, நாம் கேட்பதில்லை. என் கதை ஒன்று. பாடம் எடுப்பதற்கு முந்தின வருடம். ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறுவதாக முடிவு செய்தோம். சந்தா முடிய 86 நாள் இருக்கும்போது மின்னஞ்சல் அனுப்பினேன். நிறைய நாள் இருக்கிறது என்ற நினைப்பு. ஒப்பந்தத்தில் 90 நாள் முன்னறிவிப்பு, இல்லாவிட்டால் அது தானாகவே இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும், விலையும் 7 சதவீதம் ஏறும். நாலு நாள் பிந்தியதற்கு இரண்டு வருடம் யாரும் திறக்காத டாஷ்போர்டுக்குப் பணம் கட்டினோம். மாதாமாதம் அந்த பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் முன்னறிவிப்புத் தேதியை, அதற்கும் ஒரு மாதம் முன்னால், காலண்டரில் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன்.

பதிவதற்கு முன் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உண்மையான ஒப்பந்தத்தை வைத்து நடத்துவீர்களா, ஸ்லைடு மட்டும்தானா? ஸ்லைடு மட்டும் என்றால் நான் சொன்னதை எல்லாம் மறந்துவிடுங்கள், தொழில்நுட்பமே எடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை. உங்கள் அலுவலகத்தில் நீங்கள் தினமும் மல்லுக்கட்டும் ஏதாவது ஒரு சேவையின் ஒப்பந்தத்தை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள். கடைசியிலிருக்கும் இணைப்புகளில் தொடங்குங்கள். நம் ஆட்களுக்குப் புரிகிற பாஷை அங்கேதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இணைப்பில் நல்லதாக ஒன்றைப் பார்த்ததும் சந்தோஷப்படாதீர்கள். ஒருமுறை தரவுப் பாதுகாப்பு இணைப்பில் "கசிவுக்கு வரம்பில்லாத பொறுப்பு" என்று இருந்தது. பிரதான ஒப்பந்தத்தில் "மொத்தப் பொறுப்பு கடைசி 12 மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது" என்று இருந்தது. இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு சின்னப் பத்தி எங்காவது இருக்கும். அதில் பிரதான ஒப்பந்தமே செல்லும் என்று போட்டிருந்தார்கள்.

இரவுப்பணி:

அக்கா, ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டு உண்மையான ஒப்பந்தங்கள், பெயர் அழித்தது, பருவம் முழுக்க அதை வைத்துத்தான் என்று பதில் வந்திருக்கிறது. பாதுகாப்பும் ஒப்பந்தமும் பதிந்துவிட்டேன்.

மேலாளர் ஒப்பந்தத்தைத் தருவதற்கு முன் "உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். படிப்புக்கு என்றேன், தந்தார். நேற்று இரவு மூன்று மணி வாக்கில், வேலை கொஞ்சம் ஓய்ந்தபோது இணைப்பு 2-ஐத் திறந்தேன். எங்கள் சேமிப்பகத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தோடு போட்டது. முதல் நிலைக் கோளாறு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் பேச வேண்டும். அருமை என்று நினைத்தேன். வரையறையைத் தேடிப் போனால், "எல்லாப் பயனர்களும் பாதிக்கப்பட்டால்" முதல் நிலை. ஒன்பது வருடத்தில் எல்லாப் பயனர்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. போன மாதம் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஐந்து மணி நேரம் வெளியே நின்றார்கள். அதை இரண்டாம் நிலை என்று பதிவு செய்தபோது நான் போனில் சண்டை போட்டேன். அவர்கள் எழுதியபடிதான் செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் நிலைக்கு எட்டு வேலை மணி நேரம். வேலை நேரம் என்பது காலை 9 முதல் மாலை 6 வரை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இத்தனை வருடமாக ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிடும்போதெல்லாம் ஏன் யாரும் எடுப்பதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து ஓகே சொன்னவனும் நானேதான், தேதியைப் பார்த்தேன்.

இதை மேலாளரிடம் காட்டலாமா?

கோப்புக்காரி:

காட்டுங்கள், ஆனால் இன்றைக்கே வேண்டாம். முதலில் முன்னறிவிப்புத் தேதி என்ன, புதுப்பிக்க எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் போன ஒரு வருடத்தில் மாலை ஆறுக்கு மேல் நீங்கள் திறந்த டிக்கெட்டுகளை எண்ணுங்கள். அந்த எண்ணையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரவுப்பணி:

முன்னறிவிப்பு 60 நாள். இன்னும் 104 நாள் இருக்கிறது. டிக்கெட்டுகளை இன்று ராத்திரி எண்ணுகிறேன்.